அணுவும் அளவையும்

புகை கண்டவிடத்து நெருப்புண்டெனத் துணிதல் கருதலளவை. அந்நெருப்பு மலைக்கு அப்பால் இருப்பினும், ஏறிச் சென்று பின்னர்க் கண்ணாற் காண்டற்கு உரியது. ஆயின், வெறுங் கண்ணுக்கு எஞ்ஞான்றும் புலனாகாத ஒரு பொருளை, அதன் காரியங்களை மட்டுங் கொண்டு, அஃது உண்டென்றும், இன்ன அளவிற்றென்றும், இன்ன நிறையிற்றென்றுந் துணிதல் கூடுமோ? இவ்வினாவிற்குப் பௌதிக நூலார் தலைமுறை தலைமுறையாக உழைத்துக் கண்ட விடையே அணு நூல் என்க. அளவை நூற் பயிற்சியுடைய நம் அன்பர்கட்கு அதனை உணர்தல் அரிதன்று. கணிதம் இடைநின்று அச்சுறுத்தலானே பலர் அதனை அணுகாது விடுகின்றனர். ஆதலின் கணிதத்தை அத்துறை ஆசிரியர்பால் விடுத்து, துணிபுகளையும் அவற்றிற்குரிய ஏதுக்களையுமே ஈண்டு எடுத்துரைப்பாம்.

இதனை இப்பொழுது எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. 1925-ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் ஹைசன்பர்க் குவாண்டம் நூலுக்கு அடிகோலிய கட்டுரையை வெளியிட்டார். அதன் நூற்றாண்டு நிறைவை ஒட்டி, 2025-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை குவாண்டம் அறிவியற்குரிய ஆண்டாகக் கொண்டாடியது. அது தொட்டு அச்சொல் செய்தித்தாளிலும் மேடையிலும் மிகுதியாக வழங்குகின்றது. அணுவின் அசைவே அம்பலவாணரின் கூத்தென்றும், காண்பானின்றிக் காட்சிப்பொருள் இல்லையென அந்நூல் நிறுவிவிட்டதென்றும் சிலர் உரைப்பதனையுங் கேட்கின்றோம். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக் களத்தில், இந்திய அரசினர் அளித்த நடராசப் பெருமான் திருவுருவம் 2004 முதல் நிற்பது உண்மையே. அஃது அன்பின் கொடையேயன்றி ஆய்வின் முடிபு அன்று. அந்நூல் கூறுவது யாது, கூறாதது யாது என வரையறுத்து அறிந்த பின்னரே அதனை நம் நூலோடு ஒப்பிடுதல் முறையாகும்.

பெயரொப்புமையால் வரும் மயக்கம்

அணு என்னுஞ் சொல் பல பொருள் ஒரு சொல். பொதுவழக்கில் அது மிகச் சிறியதனை உணர்த்தும். வைசேடிகர் பலகணி வழி வரும் கதிரொளியிற் பறக்கும் துகளைத் திரியணுகம் என்றும், அதன் ஆறில் ஒரு கூறே பரமாணு என்றும், அது பகுக்கப்படாதது, நித்தம், நிலம் நீர் தீ வளி என நால்வகைத்து என்றுங் கூறுவர். சைவாகமங்களிலோ அணு என்பது ஆணவத்தாற் குறுகி நிற்கும் ஆன்மாவுக்குப் பெயராகவும் வரும்.

பௌதிக நூலார் கூறும் அணு இம்மூன்றனுள் ஒன்றுமன்று. அது சடம், ஆதலின் ஆன்மா அன்று. பகுக்கப்படுவது, தோன்றுவது, சில வகை அழிவதும் உடையது; ஆதலின் பரமாணுவும் அன்று. கதிரொளியிற் காணும் துகள், நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறுக்களவிற்றாயின், அதனுள் அடங்கிய அணுக்கள் பல இலட்சங் கோடியாகும், ஆறு அல்ல. இவ்வாறே பூதங்கள் ஐந்தென நம் நூல்கள் கூற, வேதியியலார் தனிமங்கள் 118 என்பது முரணென நினைத்தலும் வேண்டா. பூதம் என்பது தத்துவப் பாகுபாடு. தனிமம் என்பது வேதிச்செயலாற் பிறிதொன்றாகப் பகுக்கலாகாத பொருளின் வகை. இரண்டும் வெவ்வேறு வினாக்கட்கு எழுந்த விடைகள். பெயர் ஒன்றாதல் பற்றிப் பொருளையும் ஒன்றெனக் கொள்வது பெரும் வழு என்பதனை இத்துறையிற் புகுவார் முதற்கண் உளங்கொள்ளல் வேண்டும்.

அணு உண்டென்பதற்கு ஏது

முதற்கண் மிக எளியதோர் ஏதுவைக் காட்டுவாம். அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டன் நகரையடுத்த கிளாபம் என்னுமிடத்துக் குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை வார்த்தனர். அஃது ஏறத்தாழ அரை ஏக்கர்ப் பரப்பிற்குப் பரந்து, காற்றால் எழுந்த சிற்றலைகளை அடக்கிக் கண்ணாடி போலாக்கிற்று. இதனை அவர் 1774-இல் வெளியிட்டார். அவர் செய்யாது விடுத்த கணக்கொன்றை நாம் செய்து பார்க்கலாம். தேக்கரண்டி எண்ணெய் ஐந்து கன சென்டிமீட்டர் எனவும், அரை ஏக்கர் 2000 சதுர மீட்டர் எனவுங் கொள்ளின், அப்படலத்தின் தடிப்பு ஒரு சென்டிமீட்டரில் 40 இலட்சத்தில் ஒரு பங்காகும். இதனினும் மெல்லியதாக அவ்வெண்ணெய் தொடர்ந்து பரவாமை யாதுபற்றி? பகுத்துக்கொண்டே செல்லப் பொருளுக்கு எல்லையின்றாயின், படலமும் எல்லையின்றி மெலிதல் வேண்டும். அஃது ஓரளவில் நிற்றலின், எண்ணெய்க்கு ஒரு சிற்றளவு உண்டு என்பது பெறப்படும். அச்சிற்றளவே மூலக்கூறு, அஃதாவது அணுக்கள் பல கூடிய கூட்டு.

இரண்டாவது ஏது வலியது. 1827-இல் இராபர்ட்டு பிரவுன் என்னுந் தாவர நூலறிஞர், மகரந்தத்தினின்று வெளிப்பட்ட நுண்டுகள்கள் நீரில் இடையறாது துள்ளுதலை நுண்பெருக்கியாற் கண்டனர். உயிருடைமையால் அவை அசைகின்றன போலும் என்னும் ஐயம் நீங்கக் கல்லின் பொடியையும் இட்டுப் பார்த்தனர்; அதுவும் அவ்வாறே துள்ளிற்று. உயிரில்லாத் துகளைத் தள்ளுவது யாது? கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்தும் மோதுதலே அதற்குக் காரணம் எனக் கொண்டு, துகள் இத்துணைக் காலத்தில் இத்துணைத் தொலைவு பெயரும் என 1905-இல் ஐன்ஸ்டைன் கணித்தனர். 1908 முதல் பிரஞ்சு அறிஞர் பெரின் அப்பெயர்ச்சியை அளந்து பார்க்க, கணக்கும் காட்சியும் ஒத்தன. அவ்வழியே அணுக்களின் தொகையும் பெறப்பட்டது.

அதுகாறும் அணுவை மறுத்து வந்த வேதிநூற் பேராசிரியர் ஆஸ்ட்வால்டு, 1909-இல் தம் மறுப்பை விடுத்து அணு உண்மையை வெளிப்பட ஒப்புக்கொண்டார். பரபக்கத்தார் ஒருவர் ஏது வலிமை கண்டு தம் கொள்கையை நெகிழ்த்துக் கொண்ட இச்செய்தி, வாதநூல் பயில்வார்க்கு இன்பம் பயப்பதொன்றாகும்.

தொகையின் பெருமையை நம் எண் வழக்காற் கூறுவாம். ஒரு சிறு துளி நீரில் உள்ள மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கோடி கோடி. பொன்னின் அணுக்களை ஒன்றையொன்று தொட்டு நிற்குமாறு வரிசையிற் கோப்பின், ஒரு சென்டிமீட்டர் நீளத்திற்கு 3 கோடியே 50 இலட்சம் வேண்டும். 1981-இல் பின்னிக், ரோரர் என்னும் இருவர் ஆக்கிய கருவி, கூரிய ஊசிமுனையாற் பொருளின் மேற்பரப்பைத் தடவி, அதன் அணு வரிசையைப் படமாகக் காட்டவும் வல்லதாயிற்று. கருதலாற் பெற்றது இங்ஙனம் கருவிவழிக் காண்டலாலும் உறுதி பெற்றது.

அணுவின் உட்கூறு

பகுக்கலாகாதது எனக் கருதப்பட்ட அணுவினின்றும் வெளிப்படும் நுண்பொருளொன்றை 1897-இல் ஜே. ஜே. தாம்சன் கண்டனர். எதிர்மின்னேற்றமுடைய அதற்கு எலக்ட்ரான் என்று பெயர். அணுக்களுள் இலேசானது ஐதரசன். அதன் நிறையில் ஏறத்தாழ 1840-இல் ஒரு பங்கே எலக்ட்ரானின் நிறை. 1909-இல் மான்செஸ்டர் நகரத்தில், ரூதர்போர்டின்கீழ் ஆய்வு செய்த கைகர், மார்ஸ்டன் இருவரும், கதிரியக்கப் பொருளினின்று விரைந்து வரும் ஆல்பாத் துகள்களை மெல்லிய பொற்றகட்டின்மேற் செலுத்தினர். மிகப் பல தடையின்றி ஊடுருவின. ஆயிரக்கணக்கில் ஒன்று மட்டும் வந்த வழியே மீண்டது. ஏனையவற்றை வழிவிட்ட தகடு சிலவற்றை மட்டும் மீட்டெறிந்தமையால், அணுவின் நிறை முழுதும் அதன் நடுவே மிகச் சிறிய இடத்துத் திரண்டிருத்தல் வேண்டும் என 1911-இல் ரூதர்போர்டு துணிந்தார். அத்திரட்சியே கரு எனப்படும். பொன்னணு ஒன்றை ஒரு கிலோமீட்டர் அகலமுடைய ஊராகப் பெருக்கிக் கருதின், அதன் கரு ஊர் நடுவில் வைத்த ஓர் எலுமிச்சங்கனி அளவினதாம். ஊரின் நிறையில் ஆயிரத்தில் 999 பங்கிற்கு மேல் அக்கனியினுள்ளே அடங்கும்.

கருவினுள் நேர்மின்னேற்றமுடைய புரோட்டானும், மின்னேற்றமில்லா நியூட்ரானும் உள்ளன. பின்னதனை 1932-இல் சாட்விக் கண்டனர். புரோட்டான்களின் எண்ணே தனிமத்தை வரையறுப்பது. ஐதரசனுக்கு 1, செம்பிற்கு 29, பொன்னுக்கு 79. இரசவாதிகள் செம்பைப் பொன்னாக்க உலையூதி முயன்றது யாங்ஙனம் கைகூடாது என்பது இதனால் விளங்கும். உலைத்தீ அணுவின் புறத்தேயுள்ள எலக்ட்ரான்களையே அசைக்கும். கருவைக் கட்டியுள்ள ஆற்றலோ அதனினும் பல இலட்ச மடங்கு பெரிது. கருவை மாற்றினாலன்றித் தனிமம் மாறாது.

ஒரு பெருந்தடை

ஈண்டு ஒரு தடை நிகழும். எலக்ட்ரான் கருவைச் சுற்றுமாயின், சுற்றும் மின்னேற்றம் ஒளியாகத் தன் ஆற்றலை இழக்கும் என்பது அதற்கு முன்னரே நிறுவப்பட்ட விதி. இழப்பின் அது சுருண்டு சுருண்டு கருவில் விழுதல் வேண்டும். அதற்காகுங் காலம் ஒரு நொடியிற் பத்தாயிரங் கோடியில் ஒரு பங்கே எனக் கணக்குக் கூறும். அங்ஙனமாயின் கல்லும் மரமும் நம் உடலும் இமைப்பொழுதும் நிலைபெறா. அவை நிலைபெற்றிருத்தல் கண்கூடு. ஆதலின் பழைய விதியிற் குறையுண்டு என்பது போதரும். இத்தடைக்கு விடையாகவே குவாண்டம் நூல் வளர்ந்தது.

அதற்கு வித்து முன்னரே இடப்பட்டிருந்தது. சூடேறிய பொருள்கள் வீசும் ஒளியின் நிறப் பங்கீட்டை ஆராய்ந்த மாக்சு பிளாங்கு, ஆற்றல் நீரொழுக்குப் போல இடையறாது வாராது, நெல்மணி போலத் தனித்தனிக் கூறாகவே கொள்ளவுங் கொடுக்கவும் படுகின்றது எனக் கொண்டாலன்றி அப்பங்கீடு விளங்காது என்று 1900-இல் உரைத்தார். அக்கூறே குவாண்டம். அதனளவை வரையறுக்கும் எண் பிளாங்கு மாறிலி எனப்படும். ஜூல்-நொடி என்னும் அளவில் எழுதின், புள்ளிக்குப் பின் 33 சுழியிட்டு அதன்பின் 6626 எனத் தொடங்கும். இச்சிறுமையே அன்றாட வாழ்வில் ஆற்றல் இடையறாதது போலத் தோன்றுதற்குக் காரணம். குவியலைத் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மணி தோன்றாமை போல என்க.

1905-இல் ஐன்ஸ்டைன் ஒளியே அத்தகைய கூறுகளாக உள்ளது என்றார். சில உலோகங்களின்மேல் ஊதா ஒளி சிறிது படினும் எலக்ட்ரான் வெளிப்படும். செவ்வொளி எத்துணை மிகுதியாகப் படினும் வெளிப்படாது. கல்லொன்று வீழ்த்தும் மாங்காயை மூடை உமியைத் தூற்றினும் வீழ்த்தலாகாது. ஊதா ஒளியின் கூறு கல்லையும், செவ்வொளியின் கூறு உமியையும் ஒக்கும். கூறு ஒவ்வொன்றும் தனித்தே மோதுதலின், தொகை மிகுதி ஆண்டுப் பயன்படாதாயிற்று. இவ்வொளிக்கூறு பின்னர்ப் போட்டான் எனப் பெயர் பெற்றது.

1913-இல் நீல்சு போர், அணுவினுள் எலக்ட்ரான் நிற்றற்குரிய ஆற்றல் நிலைகள் படிக்கட்டுப் போல வரையறுக்கப்பட்டன என்றார். படியில் நிற்கலாம், இரு படிகட்கு இடையே நிற்றலாகாது. மேற்படியினின்று கீழ்ப்படிக்கு இறங்குங்கால் அவ்விரண்டின் வேறுபாட்டிற்கு ஒத்த ஒளிக்கூறு வெளிப்படும். ஒவ்வொரு தனிமத்திற்கும் படிகள் வேறாதலின் நிறமும் வேறாம். அடுப்பெரியில் உப்புத் தூவின் மஞ்சட் சுடர் எழுதல் இல்லறத்தார் யாவருங் கண்டதே. அஃது உப்பினுள் உள்ள சோடியத்தின் நிறம்.

இந்நிறக்கோடுகள் கருதலளவைக்கு எத்துணைப் பயன்படும் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள், அந்நாட் சென்னை மாகாணத்தின் குண்டூர் முதலிய இடங்களில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. ஞாயிற்றின் விளிம்பொளியை ஆராய்ந்தபோது மஞ்சட் கோடு ஒன்று தோன்றிற்று. அது சோடியத்தின் கோடு நின்ற இடத்தில் நில்லாமையின், மண்ணுலகில் அறியப்படாத தனிமம் ஒன்று ஞாயிற்றில் உளதென ஆங்கில அறிஞர் லாக்கியர் துணிந்து அதற்கு ஹீலியம் எனப் பெயரிட்டார். 27 ஆண்டு கழித்து, 1895-இல், இராம்சே அதனை மண்ணுலகிலேயே பிரித்தெடுத்துக் காட்டினார். புகை கண்டு நெருப்பைத் துணிந்தார், பின்னர் மலையேறி நெருப்பையே கண்டது போலாம் இது.

அலையும் துகளும்

போரின் படிகள் யாது காரணத்தான் அமைந்தன என்பது பின்னும் விளங்காதிருந்தது. ஒளி அலையாகவுங் கூறாகவும் தொழிற்படுமாயின், எலக்ட்ரானும் அலையியல்பு உடைத்தாதல் வேண்டும் என 1924-இல் டி பிராய் கூறினர். 1927-இல் அமெரிக்காவில் டேவிசன், ஜெர்மர் இருவரும், பிரித்தானியாவில் ஜி. பி. தாம்சனும் அதனைச் சோதனையாற் காட்டினர். இவருட் பின்னவர், எலக்ட்ரானைத் துகளெனக் கண்ட ஜே. ஜே. தாம்சனின் மைந்தர். தந்தை 1906-இலும் மைந்தர் 1937-இலும் நோபெல் பரிசு பெற்றனர். துகளெனக் காட்டினார் தந்தையார். அலையெனக் காட்டினார் மைந்தர். இருவர் கூற்றும் மெய்யே.

அஃது யாங்ஙனம் எனின், திருக்குளத்தில் இரு கற்களை ஒருங்கே எறிந்து பார்க்க. இரு வட்ட அலைகளும் கலக்குமிடத்து, முகடும் முகடுங் கூடின் அலை உயரும். முகடும் பள்ளமுங் கூடின் நீர் அசைவற்று நிற்கும். இனி, எலக்ட்ரானைச் செல்லவிட்டு, அதற்கு இருவழி திறந்து வைத்து, அப்பால் ஒரு திரையை நிறுத்துவோம். 1989-இல் சப்பானில் தோனோமுரா குழுவினர் ஒரு நேரத்தில் ஒரே எலக்ட்ரான் செல்லுமாறு இதனைச் செய்தனர். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே பட்டது. பாதி புள்ளி எவ்விடத்தும் இல்லை. ஆயின், பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபின் நோக்க, குளத்து அலைகள் கலந்தாற்போல வரிவரியாகக் கோலம் தோன்றிற்று. தனித்தனி வந்தன, ஒன்றையொன்று அறியா, எனினும் கோலத்தில் அமைந்தன. ஒரு வழியை அடைத்துவிடின் வரிகள் மறையும்.

இதற்குரிய கணித வடிவைச் சுரோடிங்கர் 1926-இல் தந்தார். அவ்வலை நீரலை போல ஒரு பொருளின் அலை அன்று; எலக்ட்ரான் இன்னவிடத்துக் காணப்படுதற்கு எத்துணை வாய்ப்பு உண்டு என்பதனைக் கூறும் அலை எனப் போர்ன் அவ்வாண்டே விளக்கினார். எலக்ட்ரான் எவ்விடத்துத் தோன்றும் என முன்னறிந்து கூறலாகாது. பல்லாயிரம் தோன்றின் எவ்விடத்து எத்துணை என்பதனைத் தவறாது கூறலாம்.

1927-இல் ஹைசன்பர்க் மற்றொரு வரையறை கூறினர். ஓர் எலக்ட்ரானின் இடமும், அதன் இயக்கமும் ஒருங்கே கூர்மையாக வரையறுக்கப்படா. இது நம் கருவியின் குறையன்று. இசையில் இதற்கு ஒப்புமை உண்டு. தம்புராவின் நாதம் சிறிது பொழுது நீடித்தாலன்றி அதன் சுருதி இன்னதெனத் துணியலாகாது. கைதட்டலின் ஒலி நிகழ்ந்த கணம் தெளிவு, சுருதி தெளிவன்று. இஃது அலையின் இயல்பேயன்றிக் கேட்போர் குறை அன்று.

மேற்கூறிய பெருந்தடைக்கு விடை இதனுள் அடங்கும். எலக்ட்ரானைக் கருவை நோக்கிச் சிறு இடத்துள் அடக்க அடக்க அதன் இயக்கம் மிகும்; மிகவே அவ்வடக்கத்தை எதிர்த்து நிற்கும். கருவின் ஈர்ப்பும் இவ்வெதிர்ப்பும் சமன்படும் அளவே அணுவின் அளவு. ஆதலின் அது கருவில் விழாது நின்றது. மேலும், ஒரே நிலையில் இரு எலக்ட்ரான்கள் ஒருங்கிரா என 1925-இல் பௌலி கூறிய விதியும் உடன் சேர, அணு ஒன்றனுள் ஒன்று புகாது, பொருள்கள் திண்மையுற்று நிற்கின்றன. அணுவினுள் பெரும்பாலும் வெற்றிடமே ஆதலின் உலகம் பொய்த்தோற்றம் என்பாருக்கும் இதுவே விடை. கல்லின் திண்மை பொய்யன்று. அதன் காரணமே நாம் நினைத்தது அன்று.

காண்பான் பற்றிய ஐயம்

இருவழிச் சோதனையில், எலக்ட்ரான் எவ்வழிச் சென்றது என அறிதற்குக் கருவி வைப்பின் வரிக்கோலம் மறைகின்றது. இதுகொண்டே, காண்பானின் அறிவு சடத்தை மாற்றுகின்றது, ஆகவே அறிவே உலகிற்கு மூலம் எனச் சிலர் முடிவு கட்டுகின்றனர். ஈண்டுக் காண்டல் என்பது அறிவுடையானது காண்டலன்று. சடமாகிய கருவியோடு சடமாகிய எலக்ட்ரான் கலந்து, தான் சென்ற வழியின் சுவடு எங்கேனும் பதிதலே. யாரும் பாராதிருப்பினுங் கோலம் மறையும்.

இதற்குத் தெளிந்த சான்று வியன்னா நகரத்துச் சோதனை. 1999-இல் அந்நகரத்து அறிஞர் 60 கரியணுக்கள் கூடிய மூலக்கூறும் அலைக்கோலம் காட்டுதலைக் கண்டனர். 2004-இல் 70 கரியணுக்கள் கூடியதனை லேசராற் சூடேற்றி அனுப்ப, அது வழியில் ஒளிக்கூறுகளை உமிழ்ந்து, வர வரக் கோலம் மங்கிற்று. அவ்வொளியை எவரும் நோக்கிற்றிலர். வழியின் சுவடு அதிற் பதிந்தமையே போதுமாயிற்று. 1961-இல் விக்னர் என்னும் பேரறிஞர் காண்பானின் உணர்வே முடிவு செய்கின்றது என எழுதியது உண்மை. பின்னர் அவரே அக்கருத்தைக் கைவிட்டமையும் உண்மை. முன்னதனை எடுத்துக்காட்டுவார் பின்னதனை மறைத்தல் அறமன்று.

காரணம் பற்றிய ஐயம்

காரணமின்றிக் காரியமில்லை என்னும் துணிபுடையார்க்கு இனி வருவதே உண்மையான இடர். இரேடியம் 226 என்னும் அணுக்கள் ஒரு தொகுதி இருப்பின், 1600 ஆண்டில் அவற்றுட் பாதி சிதையும். எந்த அணு இன்று சிதையும், எது ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையும் என்பதற்கு அவற்றிடையே ஒரு வேறுபாடும் இல்லை. ஐன்ஸ்டைன் இதனை முடிந்த முடிபாக ஏற்றிலர். 1935-இல் இருவருடன் கூடி எழுதிய கட்டுரையில், குவாண்டம் நூல் நிறைவுடையதன்று என வாதித்தார். அவ்வழி நின்றார், பொருளினுள் நாம் அறியாத குறிப்பு மறைந்திருந்து முடிவைத் தருகின்றது எனக் கருதினர்.

1964-இல் ஜான் பெல் இவ்வழக்கினைச் சோதனைக்கு உரியதாக்கினார். இணையாகப் பிறந்து தொலைவிற் பிரிந்த இரு துகள்கள், பிறக்கும்போதே விடைகளைத் தம்முள் எழுதிக்கொண்டு போவனவாயின், அவற்றின் விடைகள் ஒத்துநிற்றற்கு ஓர் எல்லை உண்டு என நிறுவினார். 1972-இல் கிளாசரும், 1982-இல் ஆஸ்பேயும், பின்னர்ச் சைலிங்கரும் பிறரும் சோதித்தபோது அவ்வெல்லை கடக்கப்பட்டது. இம்மூவர்க்கும் 2022-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இதனாற் போந்தது யாது? ஒவ்வொரு துகளும் தன் விடையைத் தன்னுள்ளே தனித்து வைத்திருந்தது என்னும் கொள்கை விழுந்தது. காரணம் என்பதே இல்லை என்பது இதனால் நிறுவப்படவில்லை. இடத்தொலைவைக் கடந்து தொடர்புடைய மறைகாரணங் கூறும் போம் என்பாரது 1952-ஆம் ஆண்டுக் கொள்கை இச்சோதனையோடு முரணாது இன்றும் நிற்கின்றது. கணக்கிடும் முறையில் அறிஞர் யாவரும் ஒருமனப்பட்டனர்; அதன் பொருள் யாது என்பதில் இன்றும் வாதம் ஓயவில்லை. மூலம் ஒன்றாக உரை பலவாதல் நமக்குப் புதிதன்று.

இந்நூலின் பயனும் நம்மவர் பங்கும்

பொருள் பற்றி வாதம் உண்டெனினும் பயன் பற்றி ஐயமில்லை. 1947-இல் எழுந்த டிரான்சிஸ்டரும் 1960-இல் எழுந்த லேசரும் இந்நூலின் மக்களே. கண்புரை அகற்றியபின் மீண்டும் படர்ந்த படலத்தை நீக்கும் லேசர் ஒளியாற் பார்வை தெளியப்பெற்ற முதியோர் பலர், குவாண்டம் நூலின் பயனைத் தம் கண்ணிலேயே தாங்கியுள்ளனர்.

இதன் வளர்ச்சியில் தமிழர் இருவர்க்குத் தலையாய பங்குண்டு. அப்புத்தலமாகிய திருவானைக்காவில் 1888-இற் பிறந்த சர். சி. வி. இராமன், நீர்மங்களில் ஒளி சிதறுதலை ஆராய்ந்து, ஒளிக்கூறு மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு பங்கை ஈந்து நிறம் மாறி வெளிப்படுதலை 1928-இற் கண்டார். 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். அவர்தம் தமையனார் மைந்தர் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930-இல் தம் பத்தொன்பதாம் அகவையில் இங்கிலாந்து செல்லுங் கப்பலிலிருந்தே, எரிபொருள் தீர்ந்த விண்மீனின் கதியைக் கணித்தார். மேற்கூறிய எலக்ட்ரான் எதிர்ப்பு அதனைத் தாங்குதற்கு ஓர் எல்லையுண்டு, ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை என்பது அவர் கண்ட உண்மை. அதன் பொருட்டும் விண்மீன் பற்றிய பிற ஆராய்ச்சியின் பொருட்டும் 1983-இல் நோபெல் பரிசு பெற்றார். அணுவைத் தாங்கும் விதியே விண்மீனையும் தாங்குகின்றது என்பது எண்ணுந்தொறும் வியப்பளிப்பது.

முடிபு

இனி, தொடக்கத்து வினாவிற்கு விடை கூறுவாம். இந்நூல் நம் சாத்திரத்தை நிறுவிற்றோ எனின், இல்லை. மறுத்ததோ எனின், அதுவும் இல்லை. சித்தாந்தம் பரமாணுவை முதற்காரணம் எனக் கொள்ளாது மாயையையே கொண்டது. பௌதிகத்தில் அணு பகுக்கப்பட்டமை கண்டு, எம் கொள்கை வென்றது என்பார் உளர். அவர் ஒன்றனை எண்ணல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஈதர் என்னும் நுண்பொருள் எங்கும் நிறைந்து ஒளியைத் தாங்குகின்றது எனப் பௌதிக நூலார் கூற, அதுவே நம் ஆகாயம் என மகிழ்ந்து எழுதினார் பலர். 1905-இல் ஐன்ஸ்டைன் கூறிய கொள்கைக்குப் பின் ஈதர் கைவிடப்பட்டது. ஈதரோடு ஆகாயத்தைப் பிணித்தார் யாது செய்வர்? பௌதிகம் புதுச் சான்று வருந்தோறும் தன்னைத் திருத்திக்கொள்வது; அதுவே அதற்குப் பெருமை. அங்ஙனம் மாறுவதொன்றனைச் சாத்திரத்திற்குத் தூணாக நிறுத்தின், தூண் பெயருங்கால் மண்டபத்திற்கே பழி வரும்.

காண்டல், கருதல், உரை என மூன்றளவை கொண்ட நாம், எப்பொருளை எவ்வளவையால் அறிதல் வேண்டும் என்பதனையும் உடன் கற்றுள்ளோம். அணு கருதலாலுங் கருவிவழிக் காண்டலாலும் அறியப்படுவது. அதனை அவ்வழியே கற்போமாக. முதியோர் தம் பேரன் பேத்தியரின் பௌதிகப் புத்தகத்தை எடுத்து, 'இதற்கு ஏது யாது? எடுத்துக்காட்டு யாது?' என அவர்களை வினவிப் பார்ப்பாராக. மனப்பாடமாகக் கிடந்த வரிகள் அவ்வினாவிற் பொருள் பெறும். நம் பழைய அளவைக் கல்வியும் இளையோரிடத்துப் பயன்கொள்ளும்.